ரன் என்றால் ஓடுவது மட்டும்தானா?

மக்களே, ஒரு சின்ன கேள்வி. ரன் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் என்ன? "இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா, ஓடு" என்று பட்டென்று சொன்னீங்கன்னா, ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் உங்களை மெச்சிப்பாங்க. ஆனா நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்க ஒரு நாளைக்கு நூறு தடவை ரன் பண்றோமே, அதுல ஒரு தடவையாவது கால் அசையுதா? :-)

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரங்க இந்த வார்த்தையைத் திரும்ப எடுத்து ஆராய்ஞ்சாங்க. 2011-ல அந்தக் கணக்கு செய்தித்தாள்ல வந்துச்சு. வினைச்சொல்லா மட்டும் 645 அர்த்தம். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒத்தை வார்த்தைக்காக ஒன்பது மாசம் உட்கார்ந்திருக்கார். அதுக்கு முன்னாடி, 1989-ல வந்த இரண்டாம் பதிப்புல 'செட்' என்ற வார்த்தைதான் 430 அர்த்தத்தோட முதலிடத்துல இருந்துச்சு. ரன் அதைத் தாண்டி ஓடிடுச்சு. (பாருங்க, இங்கயும் ஓட்டம்தான்.)

இந்தப் பதிவு அகராதி பெருமை பேச இல்லை. வங்காளத்துப் பிள்ளைங்க இங்கிலீஷ் கத்துக்கறதைப் பத்தினது. "உனக்கும் வங்காளத்துக்கும் என்னப்பா சம்பந்தம்" என்று கேட்கலாம். பெங்களூர்ல மூணு வருஷமா ரெண்டு பெங்காலிகளோட ஒரே வீட்டுல குப்பை கொட்டிக்கிட்டிருக்கேன். கடுகெண்ணெய் வாசனையும், கால்பந்து சண்டையும், கொஞ்சம் பெங்காலியும் பழகிடுச்சு. அதுல சேர்ந்த சரக்குதான் இது. (பெங்காலி உச்சரிப்பு தமிழ் எழுத்துல முழுசா உட்காராது. விஷயம் தெரிஞ்சவங்க கண்டுக்காம விட்டுடுங்க.)

முதல்ல ரன் என்ற வார்த்தை பெங்காலியில என்னவெல்லாம் ஆகுதுன்னு பார்ப்போம்.

1. நாய் ஓடுது. பெங்காலியில இதுக்கு 'தௌரானோ'. நம்ம 'ஓடு' மாதிரிதான் தோணும். ஆனா அது கால் இருக்கிற ஓட்டத்துக்குத்தான் பெரும்பாலும் வரும்.

2. பஸ் ஓடுது, ஃபேன் ஓடுது, தியேட்டர்ல படம் ஓடுது. எல்லாத்துக்கும் 'ச்சொலா'. போறது, நகர்றது, நடக்கிறது, எல்லாம் கலந்த ஒரு வார்த்தை.

3. கடை நடத்துறது, மெஷின் ஓட்டுறது, குடும்பம் ஓட்டுறது. இதுக்கு 'ச்சாலானோ'. ச்சொலாவோட பிறவினை.

4. மூக்கு ஒழுகுது. இங்கிலீஷ்காரனுக்கு மூக்கு ரன் ஆகும். வங்காளிக்கு மூக்கு வழியா தண்ணி விழும்: 'நாக் தியே ஜொல் பொர்ச்சே'.

5. சட்டை சாயம் போகுது. இங்கிலீஷ்ல கலர் ரன் ஆகும். நமக்கு சாயம் 'போகும்'. வங்காளிக்கு சாயம் 'எழும்பும்'.

6. சர்க்கரை தீர்ந்து போச்சு. ரன் அவுட். பெங்காலியில 'ஃபுரியே கேச்சே'.

7. திருடன் ஓடிட்டான். ரன் அவே. பெங்காலியில 'பாலானோ', தனி வார்த்தை.

8. காய்ச்சல் அடிக்குது. இங்கிலீஷ்ல டெம்பரேச்சரை ரன் பண்ணுவாங்க. வங்காளிக்குக் காய்ச்சல் 'வரும்'.

9. தேர்தல். அமெரிக்காக்காரன் எலெக்‌ஷனுக்கு ரன் பண்ணுவான். பிரிட்டிஷ்காரன் ஸ்டாண்ட் பண்ணுவான். வங்காளியும் ஓட்டுக்கு 'நிப்பான்', நாமளும் தேர்தல்ல நிக்கிறோம். ஓடுறதும் நிக்கிறதும் ஒண்ணாயிடுற ஒரே இடம் அரசியல்தான் போலிருக்கு.

10. கிரிக்கெட் ரன். அதை அப்படியே 'ரான்' என்று எடுத்துக்கிட்டாங்க. வேடிக்கை என்னன்னா பெங்காலியில 'ரான்' என்றால் தொடைன்னும் அர்த்தம். 'முர்கிர் ரான்' என்றால் கோழி எடுத்த ரன் இல்லீங்க, கோழித் தொடை :-)

பத்து இடம், கிட்டத்தட்ட பத்து பெங்காலி வார்த்தை. இதை ஒரு பத்தாவது படிக்கிற பையன் எப்படிக் கத்துக்கறான்? மேட்டர் இங்கதான் ஆரம்பிக்குது.

பட்டியல். ஆமாங்க, பட்டியல்தான். நமக்கு ரென் அண்ட் மார்ட்டின் எப்படியோ, வங்காளத்துக்கு பி. கே. டே சர்க்கார் எழுதின இலக்கணப் புத்தகம் அப்படி. தலைமுறை தலைமுறையா அதை வச்சுத்தான் இங்கிலீஷ் படிச்சிருக்காங்க. எந்த வார்த்தைக்குப் பின்னாடி எந்த ப்ரெபொசிஷன் என்று ஒரு நீளப் பட்டியல். 'குரூப் வெர்ப்' என்று இன்னொரு நீளப் பட்டியல். அந்தப் புத்தகத்தை நான் குறை சொல்லலை. பார்த்து எடுக்க வேண்டிய புத்தகமா அது நல்ல புத்தகம்தான். பிரச்சினை, அதை ட்யூஷன் நோட்டுல பிழிஞ்சு எடுத்து மனப்பாடம் பண்ண வைக்கிறதுல இருக்கு. மேற்கு வங்காளத்துல ட்யூஷன் எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியணுமா? 2022 ஏசர் ஆய்வுப்படி, கிராமப்புறத்துல பள்ளிக்கூடம் போற பிள்ளைங்கள்ல ஏறக்குறைய 74 சதவீதம் பேர் காசு கொடுத்து ட்யூஷன் போறாங்க. நாலு பேர்ல மூணு பேர். அப்போ நிஜமான வகுப்பறை எதுன்னு நீங்களே சொல்லுங்க.

என் ரூம்மேட் ஒருத்தர் நதியா மாவட்டத்துக்காரர். பெங்காலி மீடியம். அவரோட பழைய ட்யூஷன் நோட்டை ஊர்லேர்ந்து கொண்டுவந்து பத்திரமா வச்சிருக்கார். ரன் என்று தலைப்பு போட்டு, கீழே ரன் அவே, ரன் டவுன், ரன் இன்டு, ரன் த்ரூ என்று வரிசையா எழுதி, எதிரே ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு பெங்காலி அர்த்தம். எழுத்து முத்து முத்தா இருக்கும். ரன் த்ரூ என்பதுக்கு எதிரே என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? ஊதாரித்தனமா செலவு பண்றது. சொத்தைக் கரைக்கிறது. தப்பான அர்த்தம் இல்லை, இங்கிலீஷ்ல அந்த அர்த்தம் உண்டு. ஆனா இன்னிக்கு ஆபீஸ்ல யார் அந்த அர்த்தத்துல பேசுறாங்க?

அவர் சொன்ன கதை இது. முதல் வேலையில (கம்பெனி பேர் எதுக்கு, விடுங்க) க்ளையன்ட் கால். அந்தப் பக்கத்து அம்மா, "ஸ்க்ரிப்டை ரன் பண்றதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவை ரன் த்ரூ பண்ணுங்க" என்று இங்கிலீஷ்ல கேட்டிருக்காங்க. ஒரே வாக்கியத்துல ரெண்டு ரன். ஒண்ணு தெரிஞ்ச ரன். இன்னொண்ணு நோட்டுப் புத்தக ரன். "என்னை ஊதாரித்தனமா செலவழி" என்றா கேட்கிறாங்க? மனுஷன் ரெண்டு செகண்ட் யோசிச்சிருக்கார். அந்த ரெண்டு செகண்டுல மேனேஜர் குறுக்கே புகுந்து தானே பதில் சொல்லிட்டார். அந்த ஸ்க்ரிப்டை எழுதினது இவர். விளக்கினது மேனேஜர். வருஷக் கடைசி மதிப்பீட்டுல 'தகவல் தொடர்புத் திறன் குறைவு' என்று ஒரு வரி. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எந்த க்ளையன்ட் காலுக்கும் அவரைக் கூப்பிடலை. ஆன்சைட் பேச்சே இல்லை.

யோசிச்சுப் பாருங்க. இலக்கணம் தெரியாதவர் இல்லை. வார்த்தை தெரியாதவரும் இல்லை. நம்மில் பல பேரை விட அதிகமாவே வார்த்தை தெரியும். ஆனா ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவி என்று சொல்லிக் கொடுத்திருக்காங்க. இவர்கிட்ட இருந்த சாவி வேற வீட்டுது. அவ்வளவுதான்.

நிற்க.

வங்காளத்துல இங்கிலீஷ் பத்தி சண்டையே நடக்கலையான்னு கேட்டா, நடந்துச்சு. பெரிய சண்டை. 1977-ல ஆட்சிக்கு வந்த இடதுசாரி அரசு, 1980-களின் தொடக்கத்துல அரசுப் பள்ளி ஆரம்ப வகுப்புகள்லேர்ந்து இங்கிலீஷை எடுத்துச்சு. தாய்மொழியில படிச்சா பிள்ளைக்கு நல்லா ஏறும், பாதியில படிப்பை நிறுத்துறது குறையும் என்பது வாதம். ஆறாவதுலதான் ஏ, பி, சி, டி. எதிர்ப்பு, ஊர்வலம், கமிட்டி என்று ஏறக்குறைய இருபது வருஷம் போச்சு. 1990-களின் கடைசியிலேர்ந்து படிப்படியா திரும்பக் கொண்டுவந்து, 2004-ல ஒண்ணாவதுலேயே இங்கிலீஷ் வந்துடுச்சு. என் ரூம்மேட்டோட சித்தப்பா, அவங்க வழக்கத்துல 'காகா', ஆறாவதுல முதல் எழுத்து கத்துக்கிட்ட ஆள். இவர் ஒண்ணாவதுலேயே கத்துக்கிட்டவர். ஆனா ரெண்டு பேரோட ட்யூஷன் நோட்டும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி இருக்குமாம். சித்தப்பா வாயாலேயே சொன்னதாம் இது.

என் வாதமே இதுதான். சண்டை முழுக்க 'எப்போ' என்பதைப் பத்தி. எந்த வகுப்புல ஆரம்பிக்கணும், ஒண்ணா, மூணா, ஆறா? 'எப்படி' என்ற கேள்வி பின் வரிசையிலேயே உட்கார்ந்திருந்துச்சு. நியாயமா சொல்லணும்னா, 1980-கள்ல பாடப் புத்தகத்தை மாத்தினாங்க. இலக்கண விதியை ஒப்பிக்காம, புழங்கிப் பழகுற மாதிரி 'லேர்னிங் இங்கிலீஷ்' என்று ஒரு வரிசை வந்துச்சு. நோக்கம் நல்லதுதான். ஆனா "இதுல இலக்கணமே இல்லையே" என்று புகார் கிளம்பிச்சு. சாயங்காலம் ட்யூஷன் மாஸ்டர் பழைய பட்டியலையே எடுத்தார். அந்தப் பக்கம் பங்களாதேஷ்ல இங்கிலீஷ் ஒண்ணாவதுலேர்ந்தே கட்டாயப் பாடம், அரசுப் புத்தகத்தோட பேரே 'இங்கிலீஷ் ஃபார் டுடே'. அங்கயும் கோச்சிங் சென்டருக்கும் கைடுக்கும் பஞ்சமில்லை.

சரி, குறை சொன்னா போதுமா, வழி என்னன்னு கேட்பீங்க. எனக்குத் தோணினதைச் சொல்றேன். வாத்தியார் இல்லை நான். ஆனா ஒரே பேர்ல பல ஃபங்ஷன் எழுதிப் பழகினவன்.

அதேதான். இது நம்ம ஃபங்ஷன் ஓவர்லோடிங். ஒரே பேர், உள்ளே என்ன அனுப்புறோமோ அதைப் பொறுத்து வேலை மாறும். ரன்னுக்குள்ளே நாயை அனுப்பினா ஒண்ணு, கடையை அனுப்பினா ஒண்ணு, மூக்கை அனுப்பினா ஒண்ணு. கம்பைலர் பேரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாது, பக்கத்துல என்ன இருக்குன்னு பார்க்கும். ட்யூஷன் நோட்டு என்ன பண்ணுது? அனுப்புற பொருளை வெட்டி எறிஞ்சுட்டு, பேரையும் விடையையும் மட்டும் எழுதி வச்சிருக்கு. அப்புறம் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

முதல் யோசனை: 'காவா'விலிருந்து ஆரம்பிக்கலாம்.

பெங்காலியில 'காவா' என்றால் சாப்பிடுறது. வங்காளி சோறு சாப்பிடுவான், மீன் சாப்பிடுவான், சரி. தண்ணியையும் சாப்பிடுவான். சிகரெட்டையும் சாப்பிடுவான். முத்தம் சாப்பிடுவான். லஞ்சம் சாப்பிடுவான் ('குஷ் காவா'). திட்டு சாப்பிடுவான் ('பொகுனி காவா'). கல் தடுக்கினா தடுக்கல் சாப்பிடுவான். கூட்டத்துல இடி சாப்பிடுவான். குட்டிக்கரணம் போட்டா அதையும் சாப்பிடுவான். சாயங்காலம் காத்து வாங்கப் போனா காத்தைச் சாப்பிடுவான், 'ஹாவா காவா', எதுகையோட. ஒண்ணோட ஒண்ணு பொருந்திப் போறதுக்கும் 'காப் காவா' என்று ஒரு சாப்பாடு இருக்கு.

இதையெல்லாம் எந்த வங்காளப் பிள்ளை நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணுச்சு? ஒண்ணும் இல்லை. மூணு வயசுப் பிள்ளை "நான் அடி சாப்பிட்டேன்" என்று அழும். வயிறு நிறைஞ்சுதான்னு யாரும் கேட்கிறதில்லை. ஒரு வார்த்தைக்குப் பல அர்த்தம் என்பது ஏதோ இங்கிலீஷ்காரன் நம்மளைக் கவுக்க வச்ச பொறி இல்லை. அது எல்லா மொழியோட சாதாரண குணம். நம்ம ஊர்லயும் அடி 'வாங்குறோம்', லஞ்சம் 'வாங்குறோம்', பேர் 'வாங்குறோம்', மூச்சு 'வாங்குது'. காசு கொடுத்தா வாங்குறோம்?

வகுப்புல வாத்தியார் முதல் நாள் "காவாவுக்கு எத்தனை அர்த்தம் சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கட்டும். கரும்பலகை நிறைஞ்சுடும். பிள்ளைங்க சிரிக்கும். அப்புறம் "இங்கிலீஷ்காரனுக்கு ரன் இப்படித்தான்" என்று ஒரு வரி சொல்லட்டும். பாதி பயம் அங்கேயே போயிடும். பயம் போறதுதான் முக்கியம். என் ரூம்மேட் அந்த ரெண்டு செகண்டுல தோத்தது வார்த்தையில இல்லை, பயத்துல.

ரெண்டாவது யோசனை: முதல் அர்த்தத்தை மாத்துங்க.

ரன் என்றால் தௌரானோ என்று ஆரம்பிக்கிறதுதான் வில்லங்கமே. தௌரானோ ரொம்பக் குறுகலான வார்த்தை. அதுலேர்ந்து கடைக்கும் மெஷினுக்கும் பாலம் இல்லை. 'ச்சொலா' அப்படி இல்லை, பெரிய வீடு. 'கேமோன் ச்சொல்ச்சே' என்று கேட்டா 'எப்படிப் போகுது வாழ்க்கை'. பஸ்ஸும் ச்சொல்ச்சே, கடையும் ச்சொல்ச்சே. கொல்கத்தா ஊர்வலத்துல காலங்காலமா கேட்கிற கோஷம் 'ச்சொல்பே நா, ச்சொல்பே நா'. நேரா சொன்னா 'ஓடாது, ஓடாது'. அர்த்தம் 'இதெல்லாம் நடக்காது'. பழையபடி பொறுத்துக்க மாட்டோம் என்பதைச் சொல்ல வங்காளி கையிலெடுக்கிற வார்த்தையே ரன்னோட பங்காளிதான்!

ரன் என்றால் முதல்ல ச்சொலா, கால் இருந்தா தௌரானோ. இப்படி வரிசையைத் திருப்பிப் போட்டா, ரன்னோட பெரிய கிளையெல்லாம் தானா புரியும். மெஷின், பஸ், கடை, படம், ப்ரோக்ராம், கம்பெனி, குடும்பம், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே.

இன்னொரு சிக்கலும் இதுல அவிழும். இங்கிலீஷ்ல மெஷின் ரன் ஆகுது, மெக்கானிக்கும் மெஷினை ரன் பண்றான். தானா நடக்கிறதுக்கும் நடத்துறதுக்கும் ஒரே உருவம். பெங்காலியில ரெண்டும் தெளிவா வேற: ச்சொலா, ச்சாலானோ. நம்ம ஓடு, ஓட்டு மாதிரி. ரன்னோட பழைய கதையைப் பார்த்தா, இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல இது ரெண்டு வார்த்தைதான். பழைய இங்கிலீஷ்ல தானா ஓடுறதுக்கு ஒண்ணு, ஓட வைக்கிறதுக்கு அதுலேர்ந்து கிளைச்ச இன்னொண்ணு. காலப்போக்கில் ரெண்டும் ஒட்டி ஒண்ணாயிடுச்சு. இதை வங்காளப் பிள்ளைகிட்ட சொன்னா "ஓ, அவங்க ச்சொலாவையும் ச்சாலானோவையும் கலந்துட்டாங்களா" என்று ஒரு நொடியில பிடிச்சுக்கும். இங்கிலீஷ்காரன் பண்ணின குழப்பம், நம்ம மேல தப்பில்லை என்று ஒரு தைரியமும் வரும் :-)

மூக்கு விஷயமும் அப்படித்தான். மூக்கு ரன் ஆகுது என்பது காலால ஓடுறதுக்கு உவமை இல்லை. அந்த வார்த்தை ரொம்பப் பழைய காலத்துலேர்ந்தே 'ஓடு', 'ஒழுகு' ரெண்டையும் சுமந்திருக்கு. ஜெர்மன்ல அதோட உறவுக்கார வார்த்தை ரின்னென், அதுக்கு இன்னிக்கும் வழிஞ்சோடுறதுன்னுதான் அர்த்தம். ஆறு, குழாய், மூக்கு, சாயம். ஈரமா இருக்கிறதெல்லாம் ஒரு கிளை.

மூணாவது யோசனை: ஒட்டுச் சொல்லைப் பெங்காலி வழியாவே சொல்லுங்க.

ரன் அவுட், ஈட் அப் போன்ற ஜோடிகள்தான் இந்தியாவுல எல்லாரையும் படுத்துறது. ஆனா பெங்காலியில இதுக்கு ஈடான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு. ஒரு வினைக்குப் பின்னாடி இன்னொரு வினையை ஒட்டி, அர்த்தத்தை லேசா திருப்புறது. 'கேயே ஃபேலோ' என்றால் சாப்பிட்டு 'எறி'. நிஜத்துல எறியச் சொல்லலை, மிச்சம் வைக்காம முடின்னு அர்த்தம். இங்கிலீஷ்ல அந்த வேலையை 'அப்' பண்ணுது. வாய் தவறி உளறிட்டேன் என்பதுக்கு 'போலே ஃபேலேச்சி', அங்கயும் ஃபேலாதான். தீர்ந்து போறதுக்கு 'ஃபுரியே ஜாவா' (நம்ம ப்ரோக்ராமிங் ஜாவா இல்லீங்க, 'போறது' என்று அர்த்தம்). இங்கிலீஷ்ல அந்த இடத்துல 'அவுட்' நிக்குது. நம்ம 'தீர்ந்து போச்சு', 'சாப்பிட்டுத் தொலை' எல்லாம் இதே சாதிதான்.

அப்போ "அப் என்றால் மேலே, அவுட் என்றால் வெளியே" என்று மட்டும் சொல்லி நிறுத்தாம, "நம்ம ஃபேலா, ஜாவா, ஓட்டா பண்ற வேலையை இங்கிலீஷ்ல இந்தக் குட்டி வார்த்தைகள் பண்ணுது" என்று சொன்னா எப்படி இருக்கும்? ஒண்ணுக்கு ஒண்ணு அச்சு அசலா பொருந்தாது. ஆனா கதவு திறக்கும்.

இப்போ எதிர்க்கட்சி வாதத்தையும் பார்த்துடுவோம்.

"பரீட்சையில பட்டியல்லேர்ந்துதானே கேட்கிறாங்க? நீ சொல்ற மாதிரி படிச்சா மார்க் யார் கொடுப்பா?" நியாயமான கேள்வி. கோடிட்ட இடத்துல குரூப் வெர்ப் நிரப்பச் சொல்ற கேள்வி இருக்கிற வரைக்கும் ட்யூஷன் மாஸ்டர் பட்டியலைத்தான் கொடுப்பார். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அதனாலதான் கேள்வித்தாளை முதல்ல மாத்தணும் என்கிறேன். ஒரே வார்த்தையை அஞ்சு வாக்கியத்துல கொடுத்து, "எந்த ரெண்டு வாக்கியத்துல ஒரே அர்த்தம்?" என்று கேட்டுப் பாருங்க. அடுத்த வருஷமே நோட்டு மாறும். வங்காளத்து ட்யூஷன் மாஸ்டர்கள் கெட்டிக்காரங்க, கேள்வித்தாள் எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் அவங்களும் திரும்பிடுவாங்க.

"எல்லாத்தையும் தாய்மொழி வழியா விளக்கினா இங்கிலீஷ்ல யோசிக்கவே வராதே?" இதுவும் அடிக்கடி கேட்கிற வாதம். பட்டியல் மட்டும் என்ன பண்ணுது? அதுவும் தாய்மொழியில அர்த்தம் எழுதின பட்டியல்தானே! தாய்மொழி எப்படியும் உள்ளே இருக்கப் போகுது. மட்டமான முறையில இருக்கணுமா, உருப்படியா இருக்கணுமா என்பதுதான் கேள்வி.

"எல்லாமே இப்படி விளக்கத்துல அடங்கிடுமா?" அடங்காது. காய்ச்சலை ரன் பண்றது, தேர்தலுக்கு ரன் பண்றது, ரிஸ்க்கை ரன் பண்றது (பெங்காலியில ரிஸ்க்கை 'எடுப்பாங்க', நம்மள மாதிரியே), இதெல்லாம் எந்தக் கூரைக்கும் கீழே சரியா வராது. இதை மனப்பாடம்தான் பண்ணணும், அதுவும் முழு வாக்கியமா. ஆனா நாலஞ்சை மனப்பாடம் பண்றதுக்கும் நாற்பதை மனப்பாடம் பண்றதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? அகராதியில இருக்கிற 645-ம் யாருக்கும் வேண்டாம். அந்த ஒன்பது மாசம் உட்கார்ந்த மனுஷனுக்கே எல்லாம் ஞாபகம் இருக்குமான்னு சந்தேகம்தான்.

கடைசியா ஒண்ணு. ஆபீஸ்ல இருக்கிற நமக்கும் இதுல பங்கு இருக்கு. வங்காளிகள் 'தண்ணி சாப்பிடுறேன்' என்று இங்கிலீஷ்ல சொல்லிட்டதா ஒரு ஜோக் எல்லா கேன்டீன்லயும் சுத்துது. 'ஃபீவர் ஹேஸ் கம்' என்றால் சிரிக்கிறோம். அவர் மொழியில காய்ச்சல் வருது, அதை அப்படியே கொண்டுவந்து வைக்கிறார். நம்ம மொழியிலயும் காய்ச்சல் வரத்தானே செய்யுது? ஒருத்தர் ரெண்டு செகண்ட் யோசிச்சா, அவருக்கு விஷயம் தெரியலைன்னு அர்த்தம் இல்லை. மண்டைக்குள்ளே சாவிக்கொத்தைத் துழாவிக்கிட்டிருக்கார். அந்த ரெண்டு செகண்டைக் கொடுங்க. குறுக்கே புகுந்து பதில் சொல்ற மேனேஜர்கள் அந்த ரெண்டு செகண்டுல ஒருத்தரோட ரெண்டு வருஷத்தை எடுத்துக்கறாங்க.

மொழி தெரியாததும் சாவி தேடுறதும் வேற வேற. இதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாத மதிப்பீட்டுப் படிவத்துக்கு நானும் கொல்கத்தாக்காரங்களோட சேர்ந்து சொல்றேன்: ச்சொல்பே நா!

உங்களுக்குத் தெரிஞ்ச வேற மொழிக்காரங்க எதையெல்லாம் 'சாப்பிடுறாங்க', எதையெல்லாம் 'ஓட்டுறாங்க'? பின்னூட்டத்துல அவிழ்த்து விடுங்க.

டிஸ்கி: இதை எழுதி முடிச்சதும் ரூம்மேட்டுக்குப் படிச்சுக் காட்டி, பெங்காலி வார்த்தையெல்லாம் சரிபார்த்தாச்சு. "தமிழ்ல ரன்னுக்கு என்ன சொல்வீங்க?" என்று கேட்டார். படம் ஓடுது, ஃபேன் ஓடுது, பொழப்பு ஓடுது, நாள் ஓடிப்போச்சு, யோசனை ஓடுது என்று அடுக்கினேன். "அப்போ உங்க ஆளுங்களுக்கு ரன் சுலபமா இருக்கணுமே, ஏன் நீங்களும் ட்யூஷன் போறீங்க?" என்றார். அதுக்குத் தனிப் பதிவு போடணும் :-)